ஒரு வழக்கும் பல மன்றங்களும்

வங்காளத்தில் மேதினிபூர்ப் பகுதியில் காசிஜோரா என்று ஒரு ஜமீன் இருந்தது. 1779-ஆம் ஆண்டில் அந்த ஜமீன்தார்மீது, அவருக்குக் கடன் கொடுத்திருந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு வந்த இடம், ஆங்கில மன்னரின் பெயரால் 1774-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிறுவப்பட்ட சுப்ரீம் கோர்ட்டு. அதே வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கும் அதாலத்துகள் என்னும் தனி நியாயஸ்தலங்கள் இருந்தன. ஜமீன்தார்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்றனர், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவருடைய ஆலோசனைச் சபையினரும். கட்டுப்பட்டவரா, இல்லையா என்பதையும் நாமே தீர்மானிப்போம் என்றார் தலைமை நீதிபதி இம்பே. கோர்ட்டார் தங்கள் ஆணையை நிறைவேற்ற ஷெரீப்பின் ஆட்களை அனுப்பினர். ஆலோசனைச் சபையார் சிப்பாய்களை அனுப்பி அந்த ஆட்களைச் சிறைபிடித்தனர். கடன் கொண்டவரும் கொடுத்தவரும் ஒருபுறம் நிற்க, இரண்டு அதிகாரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன.

இப்பூசலின் விளைவாக 1781-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிச் சுப்ரீம் கோர்ட்டின் அதிகாரத்தைச் சுருக்கியது. ஆயினும் மன்னர் கோர்ட்டு, கம்பெனி கோர்ட்டு என்ற இரட்டை அமைப்பு மேலும் எண்பது ஆண்டுகள் நீடித்தது. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1862-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் உயர்நீதிமன்றங்கள் அமைந்தபோதுதான் இரண்டு வரிசைகளும் ஒன்றாயின. கல்கத்தாவிலும் பம்பாயிலும் குடியிருக்கும் நம்மவர்கள் அந்த மன்றங்களின் கட்டிடங்களை நாள்தோறும் கடந்து செல்பவர்கள். அவை ஒரு பெரும் குழப்பம் தீர்ந்ததன் சின்னங்கள் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளலாம்.

நாட்டுக்குள் இக்குழப்பம் மீண்டும் தலையெடுக்காதபடி சட்டம் வேலியிட்டிருக்கிறது. வெளி மாநிலத்தில் வாழ்ந்துகொண்டு சொந்த ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இவ்வேலியின் அருமை தெரியும். ஒரே விவகாரம் குறித்து ஒரே கட்சிக்காரர்களிடையே தகுதியுள்ள ஒரு நீதிமன்றத்தில் முன்னரே வழக்கு நடந்துகொண்டிருக்குமானால், பின்னர் வேறொரு நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு நிறுத்தி வைக்கப்பட வேண்டும். இது 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு. தீர்ந்துபோன வழக்கை மறுபடி கிளப்பக் கூடாது என்பது 11-ஆவது பிரிவு. இவ்விரண்டுக்கும் மேலாக, மன்றங்கள் மாறுபட்டால் தீர்த்து வைக்க உச்சநீதிமன்றம் இருக்கிறது. சட்டத்தில் குறை கண்டால் திருத்துவதற்குப் பாராளுமன்றம் இருக்கிறது.

நாடுகளுக்கிடையே எழும் வழக்குகளுக்கு இவ்விரண்டில் எதுவும் இல்லை. உலகுக்குப் பொதுவான பாராளுமன்றமும் இல்லை. உலக மன்றங்கள் அனைத்துக்கும் மேலான உச்சநீதிமன்றமும் இல்லை. ஆனால் மன்றங்களோ பலவாய்ப் பெருகியுள்ளன. ஒரே வழக்கு இரண்டு மன்றங்களின் வாயிலில் நின்றால் என்ன நேரும் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

மன்றம் ஒன்று எந்த வழக்கை விசாரிக்கலாம் என்பதைத் தமிழில் அதிகார எல்லை என்று எழுதுகிறோம். மொழிபெயர்ப்பை அன்றாடத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் சில வேளைகளில் மயக்கம் தருவது உண்டு. எல்லை என்றவுடன் வயலுக்கு வயல் இட்ட வரப்புத்தான் நினைவுக்கு வருகிறது. வரப்புக்கு இப்பால் ஒருவன் நிலம், அப்பால் மற்றொருவன் நிலம். உலக மன்றங்களின் எல்லை அத்தகையது அன்று. ஒரு மன்றத்துக்குக் கடல் என்பது எல்லை. மற்றொன்றுக்கு வாணிகம் எல்லை. வேறொன்றுக்குப் போர்க்குற்றம் எல்லை. கடலில் பிடித்த மீனே வாணிகப் பொருளும் ஆகும் அல்லவா? அப்போது இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன.

இம்மன்றங்கள் தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1899-ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் கூடிய சமாதான மகாநாட்டில் நிரந்தர நடுவர் மன்றம் உருவாயிற்று. பெயரில் நிரந்தரம் இருப்பினும், வழக்குத்தோறும் கட்சிக்காரர்கள் நடுவர்களைத் தாமே தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கத்தின் காலத்தில், 1922-இல் நிரந்தர சர்வதேச நீதிமன்றம் பணி தொடங்கியது. அதன் வாரிசாக, ஐக்கிய நாடுகள் சபையின் தலைமை நீதி அங்கமாக, சர்வதேச நீதிமன்றம் 1946-இல் அதே ஹேக் நகரின் சமாதான மாளிகையில் அமர்ந்தது. பதினைந்து நீதிபதிகள், ஒவ்வொருவருக்கும் ஒன்பது ஆண்டுப் பதவி. நம் நாட்டுச் சர் பெனகல் நரசிங்க ராவ் 1952-ஆம் ஆண்டு முதல் அதன் நீதிபதியாக இருந்தார். நாகேந்திர சிங் 1985 முதல் 1988 வரை அதன் தலைவராக விளங்கினார்.

தலைமை அங்கம் என்னும் பெயரால் அதனை மேல்முறையீட்டு மன்றம் என்று கருதிவிடலாகாது. அதன் தீர்ப்பு வழக்காடிய நாடுகளை மட்டுமே, அந்த ஒரு வழக்கில் மட்டுமே கட்டுப்படுத்தும் என்று அதன் விதிகளின் 59-ஆவது ஷரத்துக் கூறுகிறது. உறுப்பு நாடுகள் தங்கள் விவகாரங்களை வேறு மன்றங்களிடம் ஒப்படைக்கத் தடையில்லை என்று ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 95-ஆவது ஷரத்தே இடம் கொடுக்கிறது. ஆகவே பல மன்றங்கள் எழுந்ததில் முறைகேடு ஒன்றும் இல்லை.

அவை பெருமளவில் எழுந்த காலம் 1990-ஐ ஒட்டிய பத்தாண்டுகள். முன்னாள் யூகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களுக்கென 1993-இல் ஒரு தனி மன்றம் ஹேக்கில் அமைந்தது. உலக வாணிக ஸ்தாபனம் 1995-இல் தோன்றியபோது, வாணிக வழக்குகளைத் தீர்க்கும் ஏற்பாடும் உடன் தோன்றியது. 1982-ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை 1994-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருபத்தொரு நீதிபதிகளைக் கொண்ட கடற்சட்ட மன்றம் 1996-இல் பணி தொடங்கியது. ஒவ்வோர் உடன்படிக்கையை வகுத்தவர்களும் தத்தம் பொருளை நன்கு அறிந்த நிபுணர்களையே நீதிபதிகளாக விரும்பினர். பக்கத்து மன்றத்தின் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தம் கதவை அமைத்தவர்கள் சிலரே.

இதனால் விளையும் முதல் கேடு, ஒரு மன்றத்தில் தோற்றவர் மற்றொன்றில் முயன்று பார்ப்பது. இதற்குத் தென்னமெரிக்காவில் ஒரு கோழி வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரேஸில் நாட்டுக் கோழி இறைச்சி தன் சந்தையில் மிகக் குறைந்த விலைக்குக் கொட்டப்படுகிறது என்று கூறி, அர்ஜெண்டினா 2000-ஆம் ஆண்டில் அதன்மேல் தனித் தீர்வை விதித்தது. இரண்டு நாடுகளும் மெர்க்கோஸூர் என்னும் பொதுச் சந்தையின் உறுப்பினர்கள். பிரேஸில் முதலில் அச்சந்தையின் நடுவர் மன்றத்துக்குச் சென்றது. 2001-இல் அங்கே தோற்றது. பின்னர் அதே தீர்வைபற்றி உலக வாணிக ஸ்தாபனத்தில் முறையிட்டது. 2003-இல் அங்கே வென்றது. ஒருமுறை தீர்ந்ததை மீண்டும் கிளப்புவது முறையா என்று அர்ஜெண்டினா எழுப்பிய ஆட்சேபம் ஏற்கப்படவில்லை. பொதுச் சந்தையின் விதி வேறு, எங்கள் விதி வேறு என்ற நோக்கில் வாணிக மன்றம் தன் வழியே சென்றது. அவ்வட்டார நாடுகள் இதற்கிடையே விழித்துக்கொண்டு, 2002-ஆம் ஆண்டு ஒலிவோஸ் என்னுமிடத்தில் ஓர் ஒப்பந்தம் செய்தன. இரண்டில் ஒரு மன்றத்தைத் தேர்ந்துகொண்டால் மற்றதை நாடலாகாது என்பது அதன் கருத்து.

மற்றொரு வழக்கு மீனைப் பற்றியது. வாள் போல் நீண்ட மூக்கையுடைய வாள்மீன் தென்கிழக்குப் பசிபிக் கடலில் மிகுதியாகப் பிடிபடுகிறது என்று சிலி நாட்டார் கவலை கொண்டனர். தங்கள் மீன்வளப் பாதுகாப்பு விதிகளுக்கு மாறாகப் பிடித்த மீனைத் தங்கள் துறைமுகங்களில் இறக்க அவர்கள் இசையவில்லை. துறைமுகத்தை மூடியது வாணிக விதிக்கு விரோதம் என்று 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சமூகத்தார் உலக வாணிக ஸ்தாபனத்தை அணுகினர். மீன் இனத்தைக் காப்பது கடற்சட்டக் கடமை என்று சிலி ஹாம்பர்க் மன்றத்தை முன்னிறுத்தியது. அதே டிசம்பர் மாதத்தில் அங்கே விசாரணைக் குழு அமைக்க இசைவாயிற்று. இங்கே ஐந்து நீதிபதிகள் கொண்ட தனி அமர்வு நியமனமாயிற்று. துறைமுகத்தைத் திற என்று ஒரு மன்றமும், மூடியது சரியே என்று மற்றொரு மன்றமும் கூறியிருந்தால் சிலி நாட்டார் எதற்குக் கீழ்ப்படிவது? நல்ல காலமாக, 2001 ஜனவரியில் இரு தரப்பாரும் இணங்கி இரண்டு வழக்குகளையும் நிறுத்தி வைத்தனர். பேச்சு வார்த்தை நெடுங்காலம் நீண்டு, 2009 டிசம்பரில் ஹாம்பர்க் வழக்கு முடித்து வைக்கப்பட்டது. மன்றங்கள் மோதாமல் தப்பியதற்குக் காரணம் மன்றங்கள் அல்ல, வழக்காளிகள்.

வழக்காளிகள் இணங்காதபோது மன்றங்கள் என்ன செய்யும்? இதனை அறிவதற்கு அயர்லாந்து நாட்டுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த வழக்கைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், ஐரிஷ் கடலைப் பார்த்தபடி ஸெல்லாபீல்டு என்னும் அணுசக்தி நிலையம் இருக்கிறது. யுரேனியம், புளூட்டோனியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளைக் கலந்து எரிபொருள் செய்யும் ஆலை ஒன்று அங்கே கட்டப்பட்டது. 2001 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசாங்கம் அதனை இயக்க இசைவளித்தது. கடலுக்கு இக்கரையில் இருந்த அயர்லாந்து மக்கள் அஞ்சினர். ஆலைக் கழிவினால் கடல்நீர் கெடும். புளூட்டோனியம் ஏற்றிய கப்பல்கள் தங்கள் கரையோரம் சென்றுவரும். விபத்து நேர்ந்தால் என்ன ஆகும்? இந்த அச்சமே வழக்கின் உயிர்நிலை.

ஆலையின் பொருளாதாரத் தேவைபற்றித் தயாரான அறிக்கைகளில் சில பகுதிகளைப் பிரிட்டன் மறைத்து வெளியிட்டிருந்தது. அவற்றைக் காட்ட வேண்டுமென்று, வடகிழக்கு அட்லாண்டிக் கடலின் பாதுகாப்புக்கான 1992-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் அயர்லாந்து 2001 ஜூனில் ஒரு நடுவர் மன்றத்தைக் கோரியது. கடல் மாசுபடுவதைத் தடுக்க வேண்டுமென்று, கடற்சட்ட உடன்படிக்கையின்கீழ் அதே ஆண்டு அக்டோபரில் மற்றொரு நடுவர் மன்றத்தைக் கோரியது. இந்த இரண்டாவது மன்றம் அமைவதற்குள் ஆலை இயங்கத் தொடங்கிவிடக் கூடாது என்று இடைக்காலத் தடை வேண்டி ஹாம்பர்க் மன்றத்தையும் நாடியது. ஒரே ஆலைக்காக ஆறு மாதத்துக்குள் மூன்று கதவுகள் தட்டப்பட்டன.

ஹாம்பர்க் மன்றத்துக்கு அப்போது தலைவராய் இருந்தவர் இந்திய நீதிபதி பி. சந்திரசேகர ராவ். வேறு உடன்படிக்கைகளின்கீழ் வேறு மன்றங்கள் இருக்கின்றன, ஆதலின் இங்கு அதிகாரம் இல்லை என்று பிரிட்டன் வாதித்தது. 2001 டிசம்பர் 3-ஆம் நாள் மன்றம் அதற்கு விடை பகர்ந்தது. பல உடன்படிக்கைகள் ஒரே சொற்களால் ஒரே கடமையை விதித்தாலும், ஒவ்வொன்றும் தனித்தனியே உயிருடையது. சூழலும் நோக்கமும் வேறுபடுவதால் பொருளும் வேறுபடலாம் என்பது அதன் முடிவு. ஆலையைத் தடுக்கும் ஆணையை அது பிறப்பிக்கவில்லை. இரு நாடுகளும் ஒத்துழைத்துத் தகவல் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டது. தகவல் கோரிய முதல் வழக்கில் 2003 ஜூலையில் அயர்லாந்தின் கோரிக்கை பெரும்பான்மை முடிவால் தள்ளுபடியாயிற்று.

எஞ்சியது கடற்சட்ட நடுவர் மன்றம். 2003 ஜூனில் அது வழக்கை எடுத்துக்கொண்டபோது, நான்காவதாக ஒரு மன்றத்தின் நிழல் குறுக்கே விழுந்தது. இரு நாடுகளும் அக்காலத்தில் ஐரோப்பியச் சமூகத்தின் உறுப்பினர்கள். அச்சமூகமே கடற்சட்ட உடன்படிக்கையில் கையொப்பமிட்டுச் சேர்ந்திருந்தது. அப்படியானால் இவ்வழக்கு சமூகத்தின் வீட்டு வழக்கா, உலக வழக்கா? வீட்டு வழக்கு எனில், லக்ஸம்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் ஒன்றுக்கே அதனைத் தீர்க்க அதிகாரம் உண்டு. நடுவர்கள் தாமே முன்வந்து வழக்கை நிறுத்தி வைத்தனர். தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அவர்கள் கூறவில்லை. ஒரே கேள்விக்கு மாறுபட்ட இரண்டு தீர்ப்புகள் வருவது எவருக்கும் உதவாது. மன்றங்கள் ஒன்றையொன்று மதித்து நடக்க வேண்டும் என்று காரணம் கூறினர். காசிஜோராவுக்குப் படை அனுப்பியவர்களையும் இவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், நீதியின் நாகரிகம் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

ஆயினும் வழக்கின் முடிவு மகிழ்ச்சி தருவது அன்று. சமூகத்துக்கு வெளியே வழக்குத் தொடுத்ததே குற்றம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2006 மே 30-ஆம் நாள் அயர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அயர்லாந்து தன் வழக்கை 2007-இல் திரும்பப் பெற்றது. நடுவர் மன்றம் 2008 ஜூனில் கலைந்தது. ஐரிஷ் கடல் மாசுபட்டதா, பிரிட்டன் தன் கடமையில் தவறியதா என்ற மூல வினாவுக்கு ஏழு ஆண்டுகளில் எந்த மன்றமும் விடை கூறவில்லை. ஆலையோ ஒழுங்காக ஓடவே இல்லை. ஜப்பானில் புகுஷிமா விபத்து நேர்ந்த 2011-ஆம் ஆண்டில், அந்நாட்டு வாடிக்கையாளர்களை நம்பி நடத்த இயலாதென்று அதனை மூட முடிவு செய்தனர். மன்றங்கள் மரியாதையுடன் விலகிக்கொண்டன. ஆனால் முறையிட வந்த கரையோர மக்கள் விடை பெறாமலே திரும்பினர். எங்கே கேட்பது என்ற வினாவே எதைக் கேட்பது என்ற வினாவை விழுங்கிவிட்டது.

இரண்டு மன்றங்கள் ஒரே வழக்கை விசாரிக்காவிடினும், ஒரே சட்ட வினாவுக்கு இரண்டு விடைகள் தந்துவிடுவதும் உண்டு. ஓர் அரசாங்கம் அயல்நாட்டில் உள்ள ஆயுதப் படைக்குப் பணமும் ஆயுதமும் தருகிறது. அப்படை செய்யும் கொடுமைகளுக்கு அவ்வரசாங்கம் பொறுப்பாகுமா? நிக்கராகுவா நாட்டு வழக்கில் 1986-ஆம் ஆண்டு சர்வதேச நீதிமன்றம் இவ்வினாவுக்கு விடை கூறியது. உதவி செய்தது மட்டும் போதாது. அந்தந்தச் செயலின்மீதே பயனுள்ள கட்டுப்பாடு இருந்ததென்று காட்ட வேண்டும் என்பது அதன் அளவுகோல். 1999-இல் யூகோஸ்லாவியப் போர்க்குற்ற மன்றம் தாடிச் என்பவரின் மேல்முறையீட்டில் இந்த அளவுகோல் பொருந்தாதென்று வெளிப்படையாகவே மறுத்து, படையின்மேல் ஒட்டுமொத்தமான கட்டுப்பாடு இருந்தாலே போதும் என்றது. இரண்டு மன்றங்களும் ஒரே ஊரில் இருந்தவை.

இது வெறும் சொற்போர் அன்று என்பது 2007 பிப்ரவரியில் தெரிந்தது. பாஸ்னியா நாடு ஸெர்பியாவின்மேல் தொடுத்த இனப்படுகொலை வழக்கில் சர்வதேச நீதிமன்றம் தன் பழைய அளவுகோலையே மீண்டும் கையில் எடுத்தது. 1995-ஆம் ஆண்டு ஸ்ரெப்ரெனிட்ஸாவில் நடந்தது இனப்படுகொலையே என்று அது கண்டது. ஆனால் அதனைச் செய்தவர்களின் செயல் ஸெர்பிய அரசாங்கத்தின் செயலாகாதென்றும், அதனைத் தடுக்கவும் குற்றவாளிகளைத் தண்டிக்கவும் தவறியதே ஸெர்பியாவின் குற்றமென்றும் தீர்ப்பளித்தது. அளவுகோல் வேறாயிருந்தால் தீர்ப்பும் வேறாயிருக்கலாம் என்று வாதிடுவோர் உளர். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. சட்டத்தில் போர்க்குற்ற மன்றத்தோடு மாறுபட்ட அதே நீதிமன்றம், நடந்த நிகழ்ச்சிகள் இவை என்பதற்கு அம்மன்றம் ஆண்டுக்கணக்கில் சாட்சிகளை விசாரித்துக் கண்ட முடிவுகளையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. கருத்தில் மாறுபட்டும் உழைப்பை மதித்தும் நடந்த இந்த முறையும் நினைவிற் கொள்ளத்தக்கதே.

இத்தகைய இக்கட்டு நம் நாட்டையும் விட்டுவைக்கவில்லை. 1960 செப்டம்பர் 19-ஆம் நாள் கராச்சியில் நேருவும் அயூப்கானும் சிந்து நதி நீர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அதனை உருவாக்க உதவிய உலக பாங்கும் சில காரியங்களுக்காகக் கையொப்பமிட்டது. வழக்கு எழுந்தால் அதனைப் படிப்படியாகத் தீர்க்க அதில் வழி வகுத்திருந்தனர். முதலில் இரு நாட்டு ஆணையர்கள் பேச வேண்டும். பொறியியல் நுட்பம் சார்ந்த வேற்றுமை எனில் நடுநிலை நிபுணர் ஒருவர் தீர்ப்பார். அதனினும் பெரிய தகராறு எனில் நடுவர் நீதிமன்றம் கூடும். செனாப் நதியின்மீது கட்டிய பக்லிஹார் அணைபற்றி 2007-இல் நடுநிலை நிபுணர் முடிவு கூறினார். கிஷன்கங்கா நதியின் நீரைத் திருப்புவதுபற்றி 2013-இல் நடுவர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை ஒரு வேளையில் ஒரு கதவுதான் திறந்தது.

குழப்பம் பின்னரே வந்தது. 330 மெகாவாட் கிஷன்கங்கா, 850 மெகாவாட் ராட்லே ஆகிய இரண்டு மின்நிலையங்களின் அமைப்பைக் குறித்து, எவ்வளவு நீர் தேக்கலாம், மதகுகளை எந்த உயரத்தில் வைக்கலாம் என்ற வேற்றுமைகள் எழுந்தன. பாகிஸ்தான் முதலில் நடுநிலை நிபுணரைக் கேட்டது. 2016-இல் அதனை விடுத்து நடுவர் நீதிமன்றத்தைக் கோரியது. இவை நுட்ப வேற்றுமைகளே, நிபுணரே போதும் என்று இந்தியா கோரியது. உலக பாங்கு 2016 டிசம்பரில் இரண்டையும் நிறுத்தி வைத்துப் பார்த்தது, இணக்கம் ஏற்படவில்லை. 2022 அக்டோபரில் நிபுணரையும் நீதிமன்றத் தலைவரையும் ஒருங்கே நியமித்துவிட்டது. ஒரே மதகு, இரண்டு மன்றங்கள்!

ஒரே வேளையில் இரண்டு வழிகள் என்பது உடன்படிக்கையில் இல்லாதது என்று கூறி, இந்தியா நடுவர் நீதிமன்றத்தில் கலந்துகொள்ள மறுத்தது. அந்த நீதிமன்றமோ 2023 ஜூலையில் தனக்கு அதிகாரம் உண்டென்று தானே தீர்மானித்தது. 2025 ஜனவரியில் நிபுணரும் தமக்கு அதிகாரம் உண்டென்று முடிவு கூறினார். இருவருக்கும் செயலகப் பணி புரிந்தது ஹேக் நகரத்து நிரந்தர நடுவர் மன்றம் ஒன்றே என்பது விந்தையிலும் விந்தை. 2025 ஏப்ரல் 22-ஆம் நாள் பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலை அடுத்து, இந்தியா அவ்வுடன்படிக்கையையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு நடுவர் நீதிமன்றம் மேலும் தீர்ப்புகள் வழங்கியபோது, அம்மன்றத்தின் அமைப்பையே ஏற்பதில்லை என்று இந்தியா கூறிற்று. 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்களைக் கடந்து நின்ற உடன்படிக்கை அது. அதன் தற்காலத் துன்பத்துக்கு முதற்காரணங்கள் வேறு என்பது உண்மை. ஆயினும் எந்த மன்றம் என்ற பூசல் அதனை எட்டு ஆண்டுகளுக்கு மேல் உள்ளிருந்து அரித்ததும் உண்மையே.

இதற்குப் பரிகாரம் என்ன? 1999-இலும் 2000-இலும் சர்வதேச நீதிமன்றத்தின் தலைவர்கள் ஷ்வேபல், கில்யோம் ஆகியோர் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில் இவ்வபாயத்தை எடுத்துரைத்தனர். ஐயம் எழும்போது மற்ற மன்றங்கள் ஐக்கிய நாடுகள் சபையின் வாயிலாகச் சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைக் கேட்கலாம் என்பது அவர்களுடைய யோசனை. அது ஏற்கப்படவில்லை. தாமே தேர்ந்த மன்றத்துக்கு மேல் மற்றொரு மன்றத்தை வைக்க நாடுகள் விரும்பவில்லை. பரிகாரம் எதுவாயினும் அது 1861-ஆம் ஆண்டுச் சட்டம் போல் மேலிருந்து வரப்போவதில்லை என்பது தெளிவு.

கீழிருந்து வரும் பரிகாரங்கள் இரண்டு. ஒன்று, உடன்படிக்கையை எழுதும்போதே எந்த மன்றம், ஒன்றை நாடியபின் மற்றது அடைபடுமா என்பதை ஐயமின்றி எழுதிவிடுவது. ஒலிவோஸ் ஒப்பந்தம் அவ்வாறு செய்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமல்லாத ஆழ்கடலின் உயிர்வளத்தைக் காக்க 2023-ஆம் ஆண்டு நிறைவேறிய உடன்படிக்கையும், தனக்கென்று புதிய நீதிமன்றம் ஒன்றைக் கட்டாமல், கடற்சட்டத்தின் பழைய வழிகளையே தனக்கும் வைத்துக்கொண்டது. மற்றொன்று, அதிகாரம் இருந்தும் பொறுத்திருக்கும் அடக்கம். 2003-ஆம் ஆண்டு நடுவர்கள் காட்டியது அதுவே. இவ்விரண்டில் முதலாவதே நம்பத்தக்கது. அடக்கம் நீதிபதிகளின் இயல்பைப் பொறுத்தது. எழுதிவைத்த ஷரத்தோ யார் வந்தாலும் நிற்கும்.

மன்றங்கள் பெருகியதை நாம் பழிக்க வேண்டுவதில்லை. படைகளை அனுப்பிய காலம் போய், நாடுகள் மனுக்களை அனுப்பும் காலம் வந்ததன் அடையாளம் அது. ஆனால் மனு எழுதுபவர் வழக்கில் வெல்லும் வழியைத் தேடுகிறார். மனுவுக்குப் பின்னால் நிற்பவர் விடையைத் தேடுகிறார். சிலி நாட்டு மீனவரும், ஐரிஷ் கடற்கரைவாசியும், செனாப் நதியின் இரு பக்கத்து உழவரும் விரும்புவது ஒரு வினாவுக்கு ஒரு விடை. உடன்படிக்கையின் கடைசி ஷரத்துகளில், எவரும் ஊன்றிப் படிக்காத சிறிய பத்திகளில்தான் அவ்விடை கிடைப்பதும் கிடைக்காததும் தீர்மானமாகிறது. புதிய உடன்படிக்கை ஒன்றில் நம் நாடு கையொப்பமிடுகிறது என்று செய்தி கேட்கும்போது, தகராறு வந்தால் எங்கே செல்வது என்று அதில் எழுதியிருக்கிறதா என்பதையும் நாம் கேட்டுப் பழக வேண்டும்.